ஒரு டிரம் ஞானஸ்நானம்

தண்ணீர் வரும் நேரத்தில் ஜெபம் பண்ணாதே என்று மேஸ்திரி எத்தனை தடவை சொல்லியும் ஆமைப்பூட்டு என்கிற கைதி கேட்பதாக இல்லை. சிறையின் மூன்றாம் பிளாக்கில் குழாய் காலையில் ஒரு மணி நேரம்தான் பேசும். முதலில் இருமும், பிறகு காறும், மனசு வந்தால் தண்ணீர் விடும். அதற்குள் நீல டிரம்கள் நிரம்ப வேண்டும், வாளியோடு நிற்கும் வரிசை நகர வேண்டும், ஆளுக்கு ஒரு வாளி போய்ச் சேர வேண்டும். குடிப்பது, குளிப்பது, துவைப்பது, கக்கூஸுக்கு ஊற்றுவது எல்லாம் அந்த ஒரு வாளிக்குள் அடக்கம். இந்த லட்சணத்தில் வரிசையின் நடுவே மலை மாதிரி ஓர் ஆள் கண்ணை மூடி, வாளியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கிடைத்த தண்ணீருக்காக ஸ்தோத்திரம் சொன்னால் பின்னால் நிற்பவன் சும்மா இருப்பானா?

"டேய் பூட்டு, தண்ணி விட்டது முனிசிபாலிட்டிடா. நகரு."

"முனிசிபாலிட்டிக்கும் சேத்துதான் சொல்றேன் மேஸ்திரி," என்பான் அவன், கண்ணைத் திறக்காமலே.

மேஸ்திரி என்பது உள்ளே வந்த பிறகு ஒட்டிக்கொண்ட பெயர். வெளியே அவர் தண்ணீர் லாரி ஓட்டியவர். ஒரு மழை நாளில் லாரியை வேகமாக வளைத்ததில், சாலையோரம் குடை பிடித்து நின்ற ஒரு மனிதரின் உயிர் போய்விட்டது. அதற்குத்தான் இந்தத் தண்டனை. தண்ணீரில் பழகிய கை என்று சொல்லி இங்கேயும் அதே வேலையைக் கொடுத்துவிட்டார்கள். டிரம், மக், வரிசை, சண்டை, சமாதானம், இவைதான் இப்போது அவருடைய உலகம். சிறையில் சாப்பாட்டுக்குக்கூட அடிதடி வராது. பருப்பு இல்லாத பருப்புச் சாற்றுக்கும் செருப்புத் தோல் ரொட்டிக்கும் எவன் அடித்துக்கொள்ளப் போகிறான்? அடிதடியெல்லாம் தண்ணீருக்குத்தான்.

ஆமைப்பூட்டு அவருடைய அறைக்காரன். எட்டுப் பேருக்குக் கட்டிய அறையில் அதைப் போல இரண்டு பங்கு ஆட்கள் படுத்தார்கள். ஒருவன் புரண்டால் வரிசையே புரள வேண்டும். பூட்டு புரண்டால் பக்கத்தில் இருப்பவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும், அந்தப் பாக்கியம் மேஸ்திரிக்குத்தான். வெளியே அவன் தொட்ட பூட்டு எதுவும் திறக்காமல் இருந்ததில்லையாம். பொய் சொல்வதில் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று போலீஸே பாராட்டியதாம். அப்படிப்பட்டவன் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் கிடந்தபோது, சிறைக்கு வரும் போதகர் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்துவிட்டுப் போனார். காய்ச்சல் இறங்கியது, விசுவாசம் ஏறியது. அன்று முதல் விடியற்காலையில் பாட்டு. மூட்டைப்பூச்சியை நசுக்கும் முன் அதனிடம் மன்னிப்பு. கக்கூஸுக்கு இருந்த அரைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் அவசரமாக உட்கார்ந்திருக்கும்போது இந்தப் பக்கத்திலிருந்து அவனுக்காக வேண்டுதல்.

"வேற எடமே கிடைக்கலயாடா உனக்கு?" என்று மேஸ்திரி தலையில் அடித்துக்கொள்வார்.

மேஸ்திரியும் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்தான். கைக்குழந்தையாக இருந்தபோதே தலையில் நாலு சொட்டுத் தெளித்து, பெயர் வைத்து, வேலையை முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரும் ஆண்டவரும் ஒருவரையொருவர் அதிகம் தொந்தரவு செய்துகொண்டதில்லை.

அப்போது அவருக்கு இருந்த கவலை வேறு. வருகிற மாதம் ஒரே மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில், பெண்ணின் அப்பா கப்பலில் வேலை பார்க்கிறார் என்று சொல்லி வைத்திருந்தார்கள். சொன்னது அவர் மனைவி, சொல்லச் சொன்னது அவர். ஜெயிலில் இருப்பவன் மகளை எந்த வீட்டில் எடுப்பார்கள்? கல்யாணத்தன்று பரோலில் போய், கோட்டுப் போட்டுக்கொண்டு, மகளைக் கைப்பிடித்துப் பீடம் வரை நடத்திக் கூட்டிப்போய் நிறுத்திவிட வேண்டும். கூட வரும் வார்டரைக் கப்பல் சிநேகிதர் என்று சொல்லிக்கொள்ளலாம். சாயங்காலம் கப்பல் கிளம்புகிறது என்று சொல்லித் திரும்பி வந்துவிடலாம். அவர் போய் நிற்காவிட்டால் கேள்வி வரும். கேள்வி வந்தால் கப்பல் கவிழும், கப்பலோடு கல்யாணமும் கவிழும்.

தலைமை வார்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "யோவ் மேஸ்திரி, உன் பரோல் சூப்பிரண்டு மேசையில கையெழுத்துக்குக் கிடக்கு. உன் டிரம்கிட்ட ஒரே ஒரு தகராறு வந்துச்சுன்னு வை, நானே எடுத்துக் கிழிச்சுப் போட்டுருவேன். புரியுதா?"

புரிந்தது. அன்றிலிருந்து மேஸ்திரி குழாயடியில் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி எல்லோரிடமும் குழைந்தார். முறைத்தவனுக்குத் தன் பங்கிலிருந்து ஒரு மக் ஊற்றினார். திட்டியவனைப் பார்த்துச் சிரித்தார். பங்கு பங்காகக் கொடுத்ததில் அவர் குளித்தே வெகு நாளாகிவிட்டது, உடம்பெல்லாம் அரித்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் பூட்டு வந்து நின்றான்.

"மேஸ்திரி, நான் ஞானஸ்நானம் எடுக்கப் போறேன்."

"தாராளமா எடு. நான் என்ன வேணாம்னா சொன்னேன்?"

"முழுக்கு ஞானஸ்நானம் மேஸ்திரி. முழுசா முங்கி எந்திரிக்கணும்."

"எதுலடா முங்குவ?"

பூட்டு நீல டிரம்மைப் பார்த்தான். காதலியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். மேஸ்திரி டிரம்முக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

போதகர் வந்த அன்று மேஸ்திரி அவரை வழிமறித்தார். போதகர் ஒல்லியான இளைஞர், பூப்போலப் பேசுகிறவர். ஆனால் கொள்கை என்று வந்துவிட்டால் பாறை.

"ஐயா, ஒரு டிரம்முன்னா அது பத்துப் பேரோட ஒரு நாள் தண்ணி. தலையில தெளிச்சுவிட்டாப் போதாதா? எனக்கும் நாலு சொட்டுதான் தெளிச்சாங்க. நான் என்ன கெட்டா போயிட்டேன்?"

கேட்ட பிறகுதான் எங்கே நின்று கேட்கிறோம் என்பது மேஸ்திரிக்கு உறைத்தது. போதகரும் கம்பிக் கதவை ஒரு தரம், மேஸ்திரியின் சிறைச் சட்டையை ஒரு தரம் பார்த்தார்.

"சகோதரரே, எங்க சபையில முழுக்குதான். சூப்பிரண்டு ஐயாகிட்ட அனுமதி வாங்கிட்டேன். தண்ணி விஷயத்துல மட்டும் புகார் வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். அதை நீங்கதான் பாத்துக்கணும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். இங்கே எல்லோரும் வரத்தைக் கொடுத்துவிட்டுப் பாரத்தை மேஸ்திரி தலையில் வைத்தார்கள்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தார். ஆனால் அதற்குள் பூட்டு அறை அறையாகப் போய் ஆளுக்கு ஒரு மக் தண்ணீர் கேட்டுவிட்டு வந்திருந்தான். ஆச்சரியம், எல்லோரும் சரி என்றிருந்தார்கள். பக்தியில் அல்ல. அந்த மலை எப்படி அந்த டிரம்மில் முங்குகிறது என்று பார்க்க ஆசை. சிறையில் வேடிக்கை பார்க்க வேறு என்ன இருக்கிறது? எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவதால் வக்கீல் என்று பெயர் வாங்கிய கைதி மட்டும் ஒரு நிபந்தனை போட்டான்.

"இவன் முங்கி எந்திரிச்சதும் அந்தத் தண்ணி அப்படியே கக்கூஸுக்கு வந்துரணும். அன்னிக்கு அதுக்குன்னு நாங்க யாரும் எடுத்து வைக்கமாட்டோம். ஒரு சொட்டு வீணாகக் கூடாது மேஸ்திரி."

"முங்கற தண்ணி எங்கடா போகும்? டிரம்லதானே இருக்கும்?" என்றார் மேஸ்திரி. மனசுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. தண்ணீருக்கும் சேதாரமில்லை, புகாருக்கும் இடமில்லை, முடிந்தது வேலை.

ஞானஸ்நானத்தன்று காலை குழாயடியில் பிளாக்கே கூடியது. ஒவ்வொருவனும் தன் மக்கைக் கொண்டுவந்து கவிழ்த்தான். போதகர் எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சகோதரரே. தலை மூழ்கணும்," என்றார். மேஸ்திரி ஊற்றினார். "இன்னும் கொஞ்சம்." மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு விளிம்பு வரைக்கும் ஊற்றினார். தண்ணீர் டிரம்மின் வாயில் பளபளவென்று நின்றது. முக்காலியைப் போட்டு, நாலு பேர் தாங்கிப் பிடிக்க, பூட்டு காலை உள்ளே விட்டான்.

பாதி ஆயுசைத் தண்ணீர் லாரியில் கழித்தவர் மேஸ்திரி. நிறைந்த டிரம்முக்குள் ஓர் ஆள் இறங்கினால் அந்த ஆள் அளவுக்குத் தண்ணீர் வெளியே வந்தாக வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. வேத சாஸ்திரம் படித்த போதகருக்கும் தோன்றவில்லை. சட்டம் படிக்காத வக்கீலுக்கும் தோன்றவில்லை. பூட்டின் தொடை இறங்கியதும் தண்ணீர் நாலு பக்கமும் வழிந்தது. வயிறு இறங்கியதும் அருவியாகக் கொட்டியது. ஒரு பிளாக்கின் கக்கூஸ் தண்ணீர், எல்லோருடைய கண்ணெதிரிலேயே, சாக்கடையைப் பார்த்து உற்சாகமாக ஓடியது.

"ஐயோ, ஐயோ, எந்திரிடா!" என்று மேஸ்திரி கத்தினார்.

"முங்காம எப்படி மேஸ்திரி எந்திரிக்கிறது?"

முங்கவும் முடியவில்லை. இடுப்பு டிரம்மை அடைத்துக்கொண்டதில் முழங்கால் மடங்கவில்லை. தலையும் தோளும் வெளியே நிற்க, போதகர் தன் குச்சிக் கையால் அவன் உச்சந்தலையை மென்மையாக அழுத்தி, "தாழ்த்துங்க சகோதரரே, தாழ்த்துங்க," என்றார். ஒரு விரல்கடை இறங்கவில்லை. தண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. கூட்டத்தில் சிரிப்பு நின்று முணுமுணுப்பு கிளம்பியது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? மேஸ்திரி போதகரை ஒதுக்கித் தள்ளிவிட்டு முக்காலி மேல் ஏறினார். பூட்டின் இரண்டு தோளிலும் கையை ஊன்றி, உள்ளே இருந்த ஆத்திரம் மொத்தத்தையும் கூட்டி ஒரே அமுக்கு. மலை முங்கியது. போதகர் அவசர அவசரமாக வசனத்தைச் சொல்லி முடித்தார். குமிழி விட்டுக்கொண்டு மேலே வந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்த முகத்தோடு அவன் சொன்னான்: "மேஸ்திரி, வெளிய வர முடியல."

ஆறு பேர் இழுத்தும் வரவில்லை. கடைசியில் டிரம்மைப் படுக்கப்போட்டு, உருட்டி, காலைப் பிடித்து இழுத்துத்தான் அவனை வெளியே எடுத்தார்கள். மிச்சமிருந்த தண்ணீரும் போயே போய்விட்டது. ஈரத் தரையில் பூட்டு எழுந்து உட்கார்வதற்குள் வக்கீல் அவன் சட்டையைப் பிடித்தான். ஒருவன் வக்கீலைப் பிடித்தான். யாரோ யாரையோ மக்கால் அடித்தார்கள். தலைமை வார்டரின் விசில் சத்தம் கேட்டபோது மூன்றாம் பிளாக்கின் குழாயடி சந்தைக்கடையாக இருந்தது.

"யாருடா இதுக்குப் பொறுப்பு? தண்ணியைக் கொட்டுனது யாரு?"

அடித்துக்கொள்வார்களே தவிர, வார்டரிடம் ஒருவனை ஒருவன் காட்டிக்கொடுக்கும் வழக்கம் அந்தப் பிளாக்கில் இல்லை. வக்கீல்கூட வானத்தைப் பார்த்தான். வார்டர் நேராகப் பூட்டிடம் வந்தார்.

"நீதானே டிரம்மை உருட்டுன?"

மேஸ்திரிக்கு உயிர் வந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். வாரக் கணக்கில் தனியறை, அவ்வளவுதான். அந்தத் தடிமாட்டுக்கு அது ஒரு தண்டனையா? காலை நீட்டிப் படுக்கலாம். பழைய பூட்டாக இருந்தால் குழாய் தானாக வெடித்தது என்று வார்டரையே நம்ப வைத்திருப்பான்.

புதிய பூட்டு தண்ணீர் சொட்டச் சொட்ட எழுந்து நின்றான்.

"ஐயா, இப்பத்தான் முங்கி எந்திரிச்சேன். பொய் சொல்லமாட்டேன். முங்கணும்னு கேட்டது நான். டிரம்மை உருட்டச் சொன்னதும் நான். ஆனா விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்துனது மேஸ்திரி. என்னை அமுக்குனதும் மேஸ்திரிதான்."

அமுக்கியதை யாராவது கேட்டார்களா?

பூட்டைத் தனியறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். தலைமை வார்டர் மேஸ்திரியை ஒரு பார்வை பார்த்தார், அதிலேயே பரோல் கிழிந்துவிட்டது. வாரத்துக்கு ஒருமுறை கிடைக்கும் ஃபோனில் மேஸ்திரி மகளைக் கூப்பிட்டு, "பரோல் இல்லன்னுட்டாங்கம்மா," என்றார். வேறு ஏதாவது சொல்வதற்குள் நேரம் முடிந்து இணைப்பு அறுந்தது.

பூட்டு அறைக்குத் திரும்பி வந்த அன்று மேஸ்திரி அவனைக் கிழித்துத் தொங்கப்போட்டார்.

"ஒரே ஒரு பொய்டா! வாழ்நாள் பூரா வண்டி வண்டியாச் சொன்னியே, எனக்காக இன்னும் ஒண்ணு சொன்னா வாய் வெந்து போயிருக்குமா?"

"எனக்கும் தூக்கமே இல்ல மேஸ்திரி. உங்களுக்காக உயிரைக் கேளுங்க, தரேன். பொய் மட்டும் கேக்காதீங்க."

"உன் உயிரை வச்சு நான் என்னடா பண்றது? மகளைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போகுமா அது?"

பூட்டு அழுதான். அவ்வளவு பெரிய உடம்பு அழுதால் அறையே குலுங்கியது. அதுவும் மேஸ்திரிக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. திட்டவும் விடாமல் அழுகிறானே, இவனை என்ன செய்வது? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அவர்தானே.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் மகள் பார்க்க வந்தாள். பார்வையாளர் கூடத்தில் நடுவே இரண்டு அடுக்குக் கம்பி வலை. அந்தப் பக்கம் ஒரு வரிசை, இந்தப் பக்கம் ஒரு வரிசை, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். பக்கத்துக்காரன் வீட்டில் மாடு கன்று போட்ட செய்திதான் முதலில் காதில் விழும். மேஸ்திரி முந்தைய நாள் முழுவதும் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மகள் முகம் தெரிந்ததும் வலையில் வாயை வைத்துத் தொண்டை கிழியக் கத்தினார்.

"ஒண்ணும் கவலைப்படாதம்மா! கப்பல் புயல்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிரு! அப்பா துறைமுகத்துல நிக்கறார், வர முடியலன்னு சொல்லு! மாப்பிள்ளை வீட்டுல நம்புவாங்க! அவங்கெல்லாம் கடலையே பாத்திருக்கமாட்டாங்க! நான் ஃபோன்ல பேசி அழற மாதிரி அழறேன்!"

மகள் ஏதோ சொன்னாள். கேட்கவில்லை.

"மாப்பிள்ளைப் பையன் கொஞ்சம் அசடுன்னு உங்கம்மா சொன்னா! அவன்கிட்ட முதல்ல சொல்லு! அவன் நம்பிட்டா மத்தவங்களும் நம்பிருவாங்க!"

மகளுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஓர் இளைஞன், வேறு யாரையோ பார்க்க வந்தவன்போல, வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மகள் அவன் சட்டைக் கையைப் பற்றி முன்னால் இழுத்தாள்.

"அப்பா! இவர்தான்பா!"

மேஸ்திரி வலையிலிருந்து வாயை எடுத்தார். கூடத்தில் அத்தனை சத்தத்துக்கு நடுவே அவருக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை. மானம் போவது என்றால் என்ன என்று கோர்ட்டில் தெரிந்துகொண்டதாக இத்தனை நாளும் நினைத்திருந்தார். அதெல்லாம் ஒன்றுமே இல்லை.

அந்தப் பையன் குனிந்து, வலைக்கு நெருக்கமாக வந்து சொன்னான்: "கப்பல் வேணாம் மாமா."

"என்னது?"

"கப்பல் வேணாம்! அன்னிக்கு நீங்க ஃபோன் பண்ண உடனேயே இவ எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா! எங்க வீட்டுலயும் சொல்லியாச்சு! அம்மா இன்னும் என்கிட்ட பேசல! கல்யாணத்துக்கு வருவாங்களான்னு தெரியல! ஆனா கல்யாணம் நடக்கும்!"

மேஸ்திரி மகளைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது, அவளும் தூங்கியிருக்கமாட்டாள். பையன் மறுபடி கத்தினான். பழக்கமில்லாத தொண்டை, கீச்சிட்டது.

"நீங்க கடல்ல இருக்கீங்கன்னு சொன்னதால உங்ககிட்ட நேர்ல கேக்கவே இல்ல மாமா! அதுக்குத்தான் வந்தேன்! உங்க பொண்ணை எனக்குக் குடுக்கறீங்களா?"

"சரி," என்றார் மேஸ்திரி. குரல் எழும்பவில்லை.

"கேக்கல மாமா!"

"குடுக்கறேன்!"

"என்ன?"

"குடுக்கறேன்யா! குடுக்கறேன்! குடுத்துட்டேன்!" என்று மேஸ்திரி வீறிட்டதில் மாடு கன்று போட்ட கதைகூட நின்றது. இரண்டு பக்க வரிசையும் திரும்பிப் பார்த்தது. கூடம் அமைதியான அந்தச் சில நொடிகளில், இனிக் கத்தத் தேவையில்லாமல், அவர் மகளிடம் மெதுவாகக் கேட்டார்.

"கோயில்ல யாரும்மா உன்னைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போவா? சித்தப்பாவைச் சொல்லியிருக்கியா?"

"யாரையும் சொல்லலப்பா," என்றாள் அவள். "தனியாத்தான் நடந்து வருவேன். யாராவது கேட்டா, அப்பா ஜெயில்ல இருக்கார், வர முடியலன்னு சொல்லிக்கறேன்."

விசில் ஊதியது. மறுபடி எல்லோரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். மேஸ்திரியை வார்டர் தோளில் தட்டி நகர்த்தினார். பிளாக்குக்குத் திரும்பும் நடை முழுவதும் அவர் அழுதுகொண்டும் பூட்டைத் திட்டிக்கொண்டும் போனார். அவள் தனியாக நடந்து போவதைப் பார்க்க அவர் அங்கே இருக்கப்போவதில்லை. அதை நினைத்தால், அந்த எருமையை இன்னொரு தடவை டிரம்மில் அமுக்கி, இந்தத் தடவை தூக்காமல் விட்டுவிட வேண்டும் போலிருந்தது.